மூணு கிலோ கோலிக்குண்டு மிச்சம்: எதுக்கெல்லாம் ஆகும்?

ஜெலுத்தோங்_வாணி:

வணக்கம். எங்க தாமான் (குடியிருப்பு) பொங்கல் விளையாட்டுக்கு வாங்கின கோலியில மூணு கிலோ போல மிச்சம் இருக்கு. எல்லாம் கண்ணாடிதான், ஆனா ஒரே ரகம் இல்ல. பாதிக்கு மேல உள்ளே பூ போட்ட சாதாக் கோலி. கொஞ்சம் பால் வெள்ளை, கொஞ்சம் வானவில் நிறத்துல மினுங்குறது, ஒரு கைப்பிடி பெரிய கோலி. சிமெண்டுத் தரையில ஆடினதால சிலதுல பிறை மாதிரி வெட்டும் விழுந்திருக்கு.

சொங்காக் (பல்லாங்குழி மாதிரி மலாய்க்காரங்க ஆடுற ஆட்டம்) பலகை ஒண்ணு செய்யலாம்னு இருக்கோம், அதே பலகையில பல்லாங்குழியும் ஆட முடியுமா? வரிக்குதிரை டேனியோ மீன் முட்டை போட தொட்டி அடியில பரப்பலாம்னு தம்பி சொல்றான். அதிர்ஷ்ட மூங்கில் ஜாடியில போடலாமா? இட்லிப் பானையில தண்ணி வத்தினா சத்தத்துல தெரியும்னு அம்மா ரெண்டு கேக்குறாங்க. எது சரி வரும், எது வராது, எத்தனை வேணும்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பட்டர்வொர்த்_தச்சு:

தங்கச்சி, எதுக்குப் பயன்படுத்துறதா இருந்தாலும் முதல்ல அளவு பார்த்துப் பிரிச்சுடுங்க. சாதாக் கோலி 16 மி.மீ. விட்டம்னு சொல்லி விக்கிறாங்க. ஒரே பாக்கெட்டுலயே அரை மி.மீ. கூடக் குறைய இருக்கும். 14 மி.மீ. கோலியும் அதுல கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பெரிசு பெரும்பாலும் 25 மி.மீ.

வெர்னியர் வச்சு ஒவ்வொண்ணா அளந்தா விடிஞ்சுடும். 60 செ.மீ. நீளத்துல நேரான அலுமினியக் குழாய் ரெண்டு எடுத்து, பக்கத்துல பக்கத்துல வச்சு, நடுவுல இடைவெளி விட்டுப் பொருத்துங்க. மேல் முனையில இடைவெளி 13 மி.மீ. அதுக்கு 13 மி.மீ. டிரில் பிட்டை நடுவுல செருகிப் பார்த்தா போதும். கீழ் முனைக்கு நம்ம அஞ்சு காசு நாணயமே அளவுகோல், 2012ல வந்த புது வரிசை நாணயம் 17.78 மி.மீ. இடைவெளி கிட்டத்தட்ட 12 செ.மீ.க்கு ஒரு மி.மீ. வீதம் விரியும். மேல் முனையை ரெண்டு செ.மீ. உசத்தி, அடியில துணி விரிச்ச டப்பாக்களை வரிசையா வைங்க. மேலேர்ந்து ஒவ்வொண்ணா உருட்டி விட்டா, சின்னது மேலேயே விழும், பெரிசு கீழே போய் விழும், 25 மி.மீ. கடைசி வரைக்கும் ஓடி வெளியே வந்துடும். சரிவை இதுக்கு மேல கூட்டாதீங்க. ஓடுற வேகத்துல கோலி தன் இடத்தைத் தாண்டிப் போய் விழும், அப்புறம் பிரிச்சதுக்கே அர்த்தம் இல்ல.

எண்ணுறதுக்குத் தராசு. 16 மி.மீ. கோலி ஒண்ணு 5.4 கிராம் வரும், 14 மி.மீ. 3.6 கிராம், 25 மி.மீ. 20 கிராம். மூணு கிலோவும் 16ஆ இருந்தா 550க்கு மேல.

இப்போ பலகை. சொங்காக்குக்கு ஒரு பக்கம் ஏழு குழி, குழிக்கு ஏழு கோலி, ஆக 98. செய்யிறவங்க பலரும் ஏழு கோலி அடங்கினா போதும்னு குழியைச் சின்னதா வெட்டிடுவாங்க. ஆட்டத்துல ஒரே குழியில பத்து, பன்னிரண்டு சேரும். அப்போ மேல குவிஞ்சு, அடுத்த ஆள் கை பட்டதும் உருண்டு பக்கத்துக் குழிக்குப் போயிடும், சண்டைதான். 16 மி.மீ. கோலிக்குக் குழி விட்டம் 65 மி.மீ., நடு ஆழம் 25 மி.மீ. வைங்க. பன்னிரண்டு வரைக்கும் விளிம்புக்குள்ள அடங்கும். ரெண்டு முனையிலயும் வீட்டுக் குழி (ஜெயிச்ச கோலி சேர்ற குழி) விட்டம் 110 மி.மீ., ஆழம் 40 மி.மீ. குழிக்கும் குழிக்கும் நடுவுல 15 மி.மீ. விட்டா பலகை நீளம் 82 செ.மீ. போல ஆகும். அகலம் 20 செ.மீ., கனம் 50 மி.மீ.

50 மி.மீ. ஒரே கட்டையா வாங்கினா விலையும் ஜாஸ்தி, காய்ஞ்சதும் வளையும். 25 மி.மீ. ரப்பர் மரப் பலகை ரெண்டை ஒட்டிக்குங்க. ரப்பர் மரம் ஈரம் பட்டா நீலம் பாயும், அதனால வாசல் அஞ்சடி நடைபாதைத் தரையில வைக்கக் கூடாது. மெராந்தி லேசு, ஆனா கோலி படப் பட விளிம்பு நசுங்கும். நியாத்தோ மரம் கிடைச்சா அதுதான் நல்லது.

வெட்ட, வட்ட ஓட்டை போட்ட டெம்ப்ளேட்டும், அடி வளைஞ்ச பிட் மாட்டின ட்ரிம்மரும் (மரம் குடையுற மின் கருவி) வேணும். ஒரு தடவைக்கு 8 மி.மீ.க்கு மேல இறக்காதீங்க, மரம் கருகிப் புகையும். ஃபோர்ஸ்ட்னர் பிட்ல நேரா துளைச்சா சுவர் செங்குத்தா நிக்கும், அடி தட்டையா இருக்கும். விரலை விட்டு வாரும்போது கடைசிக் கோலி மூலையில ஒட்டிக்கிட்டு வராது. அப்படித் துளைச்சுட்டா, வளைஞ்ச உளியால அடியையும் சுவரையும் கிண்ணம் போல சேர்த்துடணும். மேல்பூச்சுக்கு வார்னிஷ் தடவாதீங்க. கண்ணாடி தட்டித் தட்டி சில்லு சில்லாப் பேரும். எண்ணெய்ப் பூச்சு ரெண்டு கை போதும்.

பல்லாங்குழிக்கும் 14 குழிதான், அதே பலகை சரி வரும். ஆனா குழிக்கு 12 வச்சு ஆடுற வழக்கம் கோலிக்கு ஆகாது, 168 கோலி போட்டா தொடக்கத்துலயே குழி நிறைஞ்சுடும், ஆட்டத்துல மேல சேர்றது நிக்காது. குழிக்கு அஞ்சு வச்சு 70 கோலியில ஆடுங்க. வீட்டுக் குழியைப் பிடிச்ச காய் போட்டு வைக்க மட்டும் வச்சுக்கணும். சொங்காக்குல சுத்தி வரும்போது நம்ம வீட்டுலயும் ஒண்ணு போட்டுட்டுப் போவோம், பல்லாங்குழியில அது கிடையாது, நாலு சேர்ந்தா பசு, அதாவது எடுத்துக்கிற காய். ரெண்டையும் குழப்பி ஆடுற பிள்ளைகளுக்கு முதல்லயே சொல்லிடுங்க.

---

செந்தூல்_மீன்:

அண்ணன் சொன்ன பிரிப்பு எங்களுக்கும் தேவை. டேனியோ முட்டையை ஒட்டி வைக்காது, தண்ணியில சிதற விடும், அது கீழே விழுறதுக்குள்ள தாய் தகப்பனே தின்னுடும். கோலி நடுவுல முட்டை விழுந்துட்டா வாய் எட்டாது.

ஏன் 16 மி.மீ. என்றால், மூணு கோலி தொட்டுக்கிட்டு நிக்கிற இடத்துல உள்ள ஓட்டை சுமார் 2.5 மி.மீ. முட்டை ஒரு மி.மீ. சொச்சம், சுலபமா இறங்கிடும். 25 மி.மீ. கோலி போட்டா ஓட்டை நாலு மி.மீ. கிட்ட ஆகுது, மூக்கை விட்டு முட்டையைப் பொறுக்கி எடுத்துடும். பெரிசையும் சின்னதையும் கலந்தா இன்னும் மோசம். சின்னது இடுக்கை அடைச்சுக்கும், முட்டை மேலேயே நிக்கும்.

ஒரு அடுக்கு பத்தாது, ரெண்டு அடுக்கு வேணும். 30க்கு 20 செ.மீ. தொட்டி அடிக்கு ஒரு அடுக்குக்கு ஏறக்குறைய 240, ரெண்டுக்கு 480. அதாவது 2.6 கிலோ. சொங்காக்கும் இதுவும் ஒண்ணா நடக்காது வாணி, கணக்கு இடிக்குது. சின்ன தொட்டி, 20க்கு 15 செ.மீ. எடுத்தா 240ல முடிச்சுடலாம்.

கோலியை நேரா தொட்டியில கொட்டாதீங்க. கண்ணாடி மேல கண்ணாடி விழுந்தா அடி கீறும், விரிசலும் விடும். அதோட பிறகு எடுக்கும்போது முட்டை நசுங்கும். தொட்டி அளவுக்குப் பெரிய கண் பிளாஸ்டிக் கூடை ஒண்ணு, கால் வச்சு அடியிலேர்ந்து ரெண்டு செ.மீ. தூக்கி வச்சு, அதுல கோலியைப் பரப்புங்க. முட்டை கூடைக்கும் கீழ போயிடும். வேலை முடிஞ்சதும் கூடையை மெதுவா ஒரு குலுக்கு குலுக்கித் தூக்கிடலாம்.

தண்ணி கோலிக்கு மேல எட்டு, பத்து செ.மீ. இருந்தா போதும். ஆழம் கூடினா முட்டை இறங்குற வழியிலேயே வாய்க்குள்ள போயிடும். குழாய்த் தண்ணியை ஆண்டி குளோரின் போட்டுத்தான் விடணும். சாயங்காலம் ஜோடியை விடுங்க, காலையில வெளிச்சம் வந்ததும் முட்டை போடும், மத்தியானத்துக்குள்ள பெரிய மீனை எடுத்துடணும். நம்ம ஊர் சூட்டுக்குக் குஞ்சு ரெண்டு மூணு நாள்ல வெளியே வரும். வெள்ளையாப் பஞ்சு கட்டின முட்டை கருக்கட்டாதது. அன்னைக்கே பைப்பெட்டால உறிஞ்சி எடுக்கலன்னா பக்கத்து முட்டைக்கும் பரவும்.

சோப்பு கூடவே கூடாது. உப்புத் தண்ணியில தேய்ச்சு அலசுங்க. வானவில் மினுமினுப்பு கோலியை மீன் பக்கமே கொண்டு வராதீங்க, அது மேல்பூச்சு. பஞ்சுல நகச்சாயம் அழிக்கிற திரவம் தொட்டுத் தேய்ச்சுப் பாருங்க, நிறம் ஒட்டினா பெயிண்ட்தான். ஒட்டலன்னாலும் கீறல் வழியா உரியுறதுண்டு. பிறை வெட்டு விழுந்ததையும் தள்ளிடுங்க, முனை கூரா இருக்கும், செதில் கிழியும்.

---

அடுப்படி_அக்கா:

வாணிம்மா, இட்லிப் பானை விஷயம் நான் சொல்றேன். போடலாம், ஆனா அம்மா நினைக்கிற மாதிரி தண்ணி வத்தினதும் சத்தம் வராது. தண்ணி கொதிக்கும்போது அடியில கிளம்புற குமிழி கோலியைத் தூக்கித் தூக்கிப் போடும், கடகடன்னு கேக்கும். தண்ணி தீர்ந்தா சத்தம் நின்னுடும். அதாவது சத்தம் நிக்கிறதுதான் எச்சரிக்கை. காது பழகிட்டா கேக்காமப் போறதையே கவனிக்க மாட்டோம், அதான் இதுல உள்ள வில்லங்கம்.

அதைவிடப் பெரிய வில்லங்கம், தண்ணி வத்தின பானையில கோலி பானை அடி மேல நேரா உக்காந்து சூடாகும். அவசரத்துல பச்சைத் தண்ணி ஊத்தினா டப்புன்னு வெடிக்கும், சில்லு இட்லித் தட்டு வரைக்கும் தெறிக்கும். வத்திப் போச்சுன்னா அடுப்பை அணைச்சு ஆற விடணும், ஊத்துறதா இருந்தா கொதிக்கிற தண்ணிதான். அம்மாகிட்ட பழைய அஞ்சு காசைக் கழுவிப் போடச் சொல்லுங்க, இல்ல ஒரு துண்டு கொட்டாங்குச்சி. ரெண்டும் அதே சத்தம் கொடுக்கும், உடையாது.

பால் பொங்காம இருக்க கோலி போடுறதும் வேலைக்காகாது. அதுக்குன்னு விக்கிற பால் தட்டு தட்டையா, ஓரத்துல வெட்டோட இருக்கும். ஆவி அதுக்கு அடியில தேங்கித் தேங்கி வெளியேறும், அதனாலதான் நுரை ஒரேயடியா எழும்பாது. உருண்டைக்கு அடியில என்ன தேங்கும்? பிரஷர் குக்கர், நான்ஸ்டிக் ரெண்டுலயும் கோலியே வேண்டாம்.

---

மாடித்தோட்டம்_ஆயர்ஈத்தாம்:

மூங்கில் ஜாடி பத்தி யாரும் பேசல. அழகா இருக்கும், ஆனா பினாங்குல கோலி போட்ட தண்ணி ஜாடி ஏடிஸ் கொசுவுக்கு மெத்தை. ஏடிஸ் தண்ணிக்குள்ள முட்டை இடாது, தண்ணி மட்டத்துக்குச் சற்று மேல உள்ள ஈரமான பரப்புல இடும். சும்மா ஜாடின்னா அந்த ஈரம் சுவர்ல ஒரு வளையம்தான். கோலி மேல வரைக்கும் நிரப்பினா ஒவ்வொரு கோலியும் ஈர முதுகைக் காட்டும். முட்டை காய்ஞ்சாலும் மாசக்கணக்கா உயிரோட இருக்கும், தண்ணி பட்டதும் பொரிக்கும்.

தண்ணியை மட்டும் கவிழ்த்துட்டுப் புதுசு ஊத்துறவங்கதான் அதிகம். புழு கோலி இடுக்குல இருக்கிற தண்ணியிலயே தங்கிடும். முட்டையிலிருந்து கொசு ஆக ஏழு முதல் பத்து நாள். அதனால அஞ்சு நாளுக்கு ஒரு தடவை கோலி எல்லாத்தையும் சல்லடையில கொட்டி, கையால தேய்ச்சு அலசி, ஜாடி உள்சுவரையும் பிரஷ் போட்டுத் தேய்க்கணும். தண்ணி மட்டம் எப்பவும் கோலிக்கு மேல இருக்கட்டும். அபேட் மணல் (கொசுப் புழுவைக் கொல்ற மருந்து) போடுறதா இருந்தா பத்து லிட்டருக்கு ஒரு கிராம். ஒரு லிட்டர் ஜாடிக்கு ஒரு சிட்டிகையிலும் கொஞ்சம்தான். பூனை குடிக்கிற இடத்துல ஜாடி வைக்காதீங்க.

சுகாதார இலாகா ஆள் வந்து புழுவைப் பார்த்தா 1975 நோய் பரப்பும் பூச்சி ஒழிப்புச் சட்டத்துல 500 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் வழக்கு இல்லாம கட்டுற அபராதம், வழக்குன்னு போனா அதுக்கும் மேல. பராமரிக்க நேரமில்லன்னா மூங்கிலை மண்ணுல நட்டுடுங்க, கோலியை மண் மேல ஒரு அடுக்காப் பரப்பினா போதும், தண்ணி தேங்காது.

இன்னொண்ணு, பூந்தொட்டி ஓட்டை அடையாம இருக்க அடியில கோலி போடணும்னு சொல்வாங்க. அடியில எதைப் போட்டாலும் மண்ணோட ஈரம் அதுக்கு மேலேயே நிக்கும், வேர் இன்னும் கிட்டத்துல அழுகும். ஒரு வலைத் துண்டு போதும்.

---

டியூஷன்_சார்_பிரிக்பீல்ட்ஸ்:

நிறமில்லாத தெளிவான கோலி இருந்தால் தனியே எடுத்து வையுங்கள், பிள்ளைகளுக்குப் பூதக்கண்ணாடி ஆகும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.52 என்று கொண்டால் 16 மி.மீ. கோலியின் குவியத் தூரம் 11.7 மி.மீ., அதாவது கோலியின் மேற்பரப்பிலிருந்து 3.7 மி.மீ. தள்ளி. உருப்பெருக்கம் ஏறத்தாழ 21 மடங்கு. தடித்த கறுப்பு அட்டையில் 5 மி.மீ. ஓட்டை போட்டு அதன் மேல் கோலியைப் பசை டேப்பால் ஒட்டவும். அட்டையைக் கண்ணோடு சேர்த்துப் பிடித்து, பார்க்கும் பொருளைக் கோலிக்குக் கிட்டத்தட்ட ஒட்டினாற்போல் கொண்டுவர வேண்டும். ஓட்டை பெரிதானால் ஓரம் முழுக்க மங்கும். வெங்காயத் தோல், கொசுப் புழு இரண்டும் இதில் நன்றாகவே தெரியும்.

கோலி சோடா பாட்டிலில் உள்ள கோலி இதற்கு மிகப் பொருத்தம். 1872ல் ஹைரம் காட் காப்புரிமை பெற்ற அந்தப் பாட்டிலில், உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் கோலியை ரப்பர் வளையத்தில் அழுத்தி மூடுகிறது. உருண்டை சற்றே கோணலாக இருந்தாலும் வாயு கசிந்துவிடும், ஆகவே அது விளையாட்டுக் கோலியைவிடச் சீராக இருந்தே ஆக வேண்டும்.

தெளிவான பெரிய கோலிகளை வெயில் விழும் ஜன்னலோரம் திரைச்சீலை, காகிதம் பக்கத்தில் அடுக்க வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை உள்ள வீட்டில் எந்தக் கோலியும் கைக்கெட்டக் கூடாது, தொண்டையில் சரியாக அடைக்கும் அளவு அது.

---

ஜெலுத்தோங்_வாணி:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்குக் கொட்டாங்குச்சி கொடுத்தாச்சு. தச்சு அண்ணே, சொங்காக்குக்கு 98, சின்ன தொட்டிக்கு 240 போக இன்னும் மிச்சம் வரும் போல. நவராத்திரி கொலுவுக்குச் சுத்துற தட்டு ஒண்ணு கோலி வச்சு செய்ய முடியுமா? வெட்டு விழுந்ததையும் மினுங்குறதையும் என்ன பண்றது?

---

பட்டர்வொர்த்_தச்சு:

முடியும், ஆனா இங்கதான் அளவு ரொம்பக் கறாரா வேணும். பன்னிரண்டு கோலி போட்டாலும், அதுல ஆகப் பெரிய மூணு மட்டும்தான் பாரத்தைத் தாங்கும், மத்தது சும்மா உருளும். தட்டு ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு ஆடும். குழாயில பிரிச்ச ஒரே டப்பாவுலேர்ந்து, ஒரே ரகமா எடுத்து, 0.01 கிராம் காட்டுற சின்ன தராசுல நிறுங்க. 16 மி.மீ. கோலியில 0.1 கிராம் வித்தியாசம்னா விட்டத்துல 0.1 மி.மீ. வித்தியாசம். 0.1 கிராமுக்குள்ள வர்ற பன்னிரண்டைப் பொறுக்குங்க. உள்ளே குமிழி இருக்கிறதை விட்டுடுங்க, எடை பொய் சொல்லும். அப்புறம் விரலால உருட்டிப் பாருங்க, நேராப் போகாம வளைஞ்சு போனா முட்டை வடிவம்.

12 மி.மீ. ப்ளைவுட்ல 30 செ.மீ. வட்டம் ரெண்டு. கோலி படுற பக்கம் ஃபார்மைக்கா ஒட்டணும், இல்லன்னா கோலி நின்ன இடத்துல குழி விழுந்து அங்கேயே சிக்கும். நடுவுல 9 மி.மீ. ப்ளைவுட் வட்டம், 26 செ.மீ., அதுல 22 செ.மீ. வளையத்துல சம இடைவெளியில 18 மி.மீ. ஓட்டை பன்னிரண்டு. இந்த வட்டம்தான் கோலிகளை விலக்கிப் பிடிக்கும். இது இல்லாம நிரப்பி அடுக்கினா பக்கத்துக் கோலிகள் ஒண்ணோட ஒண்ணு எதிர்த் திசையில உரசிச் சிக்கும். மூணுக்கும் நடுவுல எட்டு மி.மீ. போல்ட், நைலான் வளையம் உள்ள நட். நட்டை முழுசா முடுக்காதீங்க, தட்டு விரலால தள்ளினா சுத்துற அளவுக்கு விடுங்க. நடு வட்டத்தோட அடியில மெழுகுவத்தியைத் தேய்ச்சா உரசல் குறையும். எண்ணெய் விடாதீங்க, தூசி ஒட்டி மாவாகும்.

மண் பொம்மைக்கு இது தாராளம். குத்துவிளக்கு, கல் சிலைன்னு ஏத்தினா கோலியில பிறை விழ ஆரம்பிக்கும், கரகரன்னு சத்தம் கேட்டா உடனே இறக்கிடுங்க.

வெட்டு விழுந்ததை விளையாட்டுக்கும் விடாதீங்க, அடுத்த அடியில ரெண்டாப் பிளக்கும். அந்தப் பிறை மேல்தோல்ல தெரியுறதைவிட உள்ளே ஆழமா இறங்கியிருக்கும். பழைய காகிதத்துல சுத்தி, மேல எழுதி, குப்பைக்குப் போடுங்க. மினுங்குறது சொங்காக்குக்கு ஆகும், ஆனா அளவு சரியா இருக்கிறதை மட்டும். பெரிய கோலி கையில இருக்கட்டும், அடுத்த பொங்கலுக்கு அடிக்கிறதுக்கு அதுதான் வேணும். சிமெண்டுல ஆடுறதா இருந்தா மேல அரை அங்குலம் மணல் போட்டுடுங்க.

---

செந்தூல்_மீன்:

அண்ணே, அந்தக் கூடைக்குக் கால் வைக்க உங்க மிச்ச ப்ளைவுட்டைக் கொடுத்துடாதீங்க, தண்ணியில ஊறி நிறம் விடும். பிவிசி குழாய்த் துண்டு நாலு போதும், ஒவ்வொண்ணும் ரெண்டு செ.மீ.